சட்டியைக் கீழே போடச் சொன்ன மதியம்

எங்கள் ஊர் ஏரி கோடையில் வற்றிவிட்டால், கரையிலிருந்து நடுவுக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிகள் பலவும் அப்படித்தான், அகலம் அதிகம், ஆழம் குறைவு. நடுவில் ஒரே ஒரு வேலமரம். மற்றபடி வெடித்த களிமண்ணும் காய்ந்த கோரையும்தான். ஓடிப் போய் ஒண்டிக்கொள்ள ஓர் இடம் கிடையாது. வேலை வாங்கப் போன முதல் நாளே நான் இதைக் கவனித்திருக்க வேண்டும். வெயிலுக்கு மரம் ஒன்று இருக்கிறதே, போதும் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் போய்வந்து இயற்பியலில் பட்டம் வாங்கினேன். அதன் பிறகு அரசு வேலைத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டே, ஊரில் நடந்த நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். பேர்தான் பெரிது. வந்தவர்களைக் குறித்துக்கொள்வது, தோண்டிய ஆழத்தை அளப்பது, காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து போனில் படம் எடுத்து ஏற்றுவது, இவ்வளவுதான் வேலை. இரண்டாவது படத்துக்கு ஒரு நேரம் உண்டு. அதற்கு முன்னால் எடுத்தால் ஏறாது. வேலை நடக்கும் இடத்தை விட்டு விலகி எடுத்தாலும் ஏறாது. படம் ஏறவில்லையென்றால் அன்றைக்கு வந்தவர்கள் வராதவர்கள் ஆகிவிடுவார்கள், கூலி கிடையாது.

போன வருஷக் கோடையில் ஏரிக்குள் குட்டை வெட்டினோம். பதினோரு பெண்கள். அதில் என் அம்மா ஒருத்தி. என் அக்கா ஒருத்தி. அம்மாவுக்கு அக்கா முறையாகும் பெரியம்மா ஒருத்தி. அக்காவுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை, பெண் குழந்தை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் தினமும் தூக்கிக்கொண்டு வருவாள். வேலமரத்துக் கிளையில் பழைய புடவையால் தூளி கட்டி அதில் போட்டுவிட்டு இரும்புச் சட்டியில் மண் சுமப்பாள். குழந்தை சிணுங்கினால் யார் மரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஒரு கையால் ஆட்டிவிட்டுப் போவார்கள்.

அன்றைக்குக் காலையிலேயே காற்று உடம்பில் ஒட்டியது. வேர்வை காயவே இல்லை. இலை அசையவில்லை. நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது பெரியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "இன்னா காந்து காந்துது. இட்லிப் பானைல ஒக்காந்தா மாதிரி கீது" என்றாள்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று பிற்பாடு படித்தபோது தெரிந்தது. பகல் முழுக்கத் தரை சூடாகும். தரையை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே ஏறப் பார்க்கும். ஆனால் கோடையில் பல நாட்கள் மேலே சில ஆயிரம் அடி உயரத்தில் வறண்ட வெப்பக் காற்று ஒரு மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். கீழே ஈரமும் சூடும் சேர்ந்துகொண்டே போகும், மூடி விடாது. மூடி லேசாக இருந்தால் காலையிலேயே நாலு சின்ன மேகம் கிளம்பிக் கலைந்துவிடும். கெட்டியாக இருந்தால் மதியம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்குள் உள்ளே சேர்வதெல்லாம் சேர்ந்துவிடும். கிழக்கே கடலிலிருந்து மதியத்துக்கு மேல் வரும் ஈரக் காற்றும் வந்து முட்டும்போது மூடி ஓர் இடத்தில் பிய்த்துக்கொள்ளும். பிய்த்துக்கொண்ட அந்த ஓர் இடத்தின் வழியாக மொத்தமும் மேலே பாயும். இதெல்லாம் என் பாடப் புத்தகத்தில் இருந்த விஷயம்தான். தேர்வில் கேட்டால் எழுதியிருப்பேன். அன்று என் கழுத்தில் ஒட்டிய வேர்வையில் அது இருந்ததை நான் பார்க்கவில்லை.

மதியம் ஒரு மணி சுமாருக்கு மேற்கே ஒரு மேகம் தெரிந்தது. முதலில் வெள்ளைதான். காலிஃபிளவர் மாதிரி முடிச்சு முடிச்சாக, ஓரமெல்லாம் கத்தியால் வெட்டினது போல் தெளிவாக இருந்தது. நான் ஆழம் அளந்து குறித்துவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு மடங்கு உயர்ந்திருந்தது. இன்னொரு குழியை அளந்துவிட்டு நிமிர்ந்தால், உச்சி போய் எதிலோ முட்டிக்கொண்டது போலத் தட்டையாகி, எங்கள் பக்கம் ஒரு பலகையாக நீண்டுகொண்டிருந்தது. அதன் அடிப்பக்கம் கருப்பு. அவ்வளவு சீக்கிரம் வளரும் மேகத்தை அதற்கு முன் நான் நின்று பார்த்ததில்லை.

"வானத்துல இன்னா எழுதிக்கீது, இப்பிடிப் படிச்சிக்கினு கீற?" என்றாள் பெரியம்மா. அவளுக்கு என்னை 'கலெக்டரு' என்று கூப்பிடுவதில் ஒரு சந்தோஷம். "எங்களுக்கும் சொல்லு கலெக்டரே, பாஸ் பண்ணிட்டுப் போறோம்."

"மோடம் பெருசா வர்து பெரிம்மா."

"அத்தச் சொல்றதுக்கா காஞ்சிபுரம் போயிப் படிச்ச? என் ஆடுகூட சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தன் சட்டியை இறக்கிவைத்துவிட்டு மேற்கே பார்த்தாள், பிறகு தூளியைப் பார்த்தாள்.

அம்மா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நைனா, படத்த இப்பவே புடிச்சிட்டு அனுப்பிடேன். கொயந்த கீதுடா."

"இன்னும் இருவது நிமிசம்மா. நேரம் ஆவாம எடுத்தா ஏறாது."

"ஏறாட்டி போவுது."

"பதினோரு பேருக்குமா போவுது?"

அம்மா தன் சட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குத் திரும்பினாள். மற்றவர்கள் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஆனால் யாரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை. காலையிலிருந்து வெயிலில் சுமந்த மண்ணை யார்தான் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த இருபது நிமிஷத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் காத்தோம் என்று பிறகு பலர் சொன்னார்கள். ஆனால் மணி பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

அந்த நேரத்தில் மேலே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இப்போது என்னால் ஓரளவு சொல்ல முடியும். சூடான ஈரக் காற்று கீழேயிருந்து மேலே, மரம் ஏறுபவனைவிட வேகமாக அல்ல, நெடுஞ்சாலையில் போகும் பஸ்ஸைவிட வேகமாக ஏறும். தன்னோடு தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகும். ஓர் உயரத்துக்கு மேல் எல்லாமே உறைந்துவிடும் குளிர். ஆனால் அந்தக் குளிரிலும் சில துளிகள் உறையாமல் தண்ணீராகவே அலையும், ஏதாவது ஒன்றின் மேல் பட்டால்தான் உறையும். ஒரு சின்னப் பனித்துண்டு அங்கே மாட்டினால் அந்தத் துளிகள் அதன்மேல் படிந்து படிந்து அது கனக்கும். கனத்தால் விழ வேண்டியதுதானே? கீழேயிருந்து வரும் காற்று விடாது, தாங்கிப் பிடிக்கும். பிடித்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அது இன்னும் பருக்கும். ஏறும் காற்று எவ்வளவு பலமோ அவ்வளவு பெரிய கல்லைத் தாங்கும். எங்கள் பெண்கள் குழியிலிருந்து மேட்டுக்கு மண் ஏற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அங்கேயும் ஒரு சுமை ஏறிக்கொண்டிருந்தது. சாதாரண மழை மேகத்தில் கொட்டும் மழையே ஏறும் காற்றின் மேல் விழுந்து அதை அமுக்கிவிடும், அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும். உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறியிருந்தால் மேகம் சாய்ந்து நிற்கும். மழை ஒரு பக்கம் விழும், காற்று இன்னொரு பக்கம் ஏறும், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. அப்படிப்பட்ட மேகம்தான் பெரிய கல்லைச் செய்யும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மேகத்தின் அடி ஒரு மாதிரிப் பச்சை கலந்த கருப்பாக மாறியதுதான்.

படத்துக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தபோது காற்று வந்தது. மேற்கிலிருந்து, ஒரே வீச்சாக, சில்லென்று. மே மாத மதியத்தில் கை மயிர் சிலிர்த்தது. கோரைத் தூசும் மண்ணும் கிளம்பிக் கண்ணில் அடித்தன. கூடவே முதல் இடி. இடி என்றால் உருட்டல் இல்லை, துணி கிழிவது போல ஒரு சத்தம், அப்புறம் தரை அதிர்ந்தது.

"மரத்துகிட்ட இருக்காதீங்க," என்று கத்தினேன். "கொயந்தயத் தூக்கு அக்கா, மரத்துகிட்ட யாரும் நிக்காதீங்க."

அக்கா அதற்கு முன்பே ஓடியிருந்தாள். குழந்தையைத் தூளியோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தாள், முடிச்சு அவிழவில்லை. குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். அது சரியான காரியம். அன்றைக்கு நான் சொன்னதில் சரியானவை ஒன்றிரண்டுதான், அது ஒன்று.

கரைக்கு ஓடலாமா என்று ஒருத்தி கேட்டாள். கால் மணி நேர நடை, ஓடினால் பாதி. வெட்டவெளியில் எல்லோரும் நின்றபடி ஓடினால் இடிக்கு நாங்கள்தான் உயரம். அதனால் குழிக்குள் இறங்கச் சொன்னேன். முழங்கால் ஆழத்துக்கு வெட்டியிருந்த நீளமான குழி அது. குத்துக்கால் போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். இது வரைக்கும் சரிதான்.

இடி இடித்தால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். அம்மா கையில் கிடைத்த இரும்பை, அரிவாள்மணையோ கடப்பாரையோ, வாசலில் தூக்கிப் போடுவாள். இரும்பு வெளியே கிடந்தால் இடி வீட்டுப் பக்கம் வராது என்பாள். ஊரில் பலரும் செய்வார்கள். ஒன்பதாவது படிக்கும்போது நான் இதைக் கிண்டல் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு எங்கோ ஒரு புத்தகத்தில், இடி மின்னலின்போது உலோகப் பொருட்களைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று படித்தேன். எதற்காக அப்படி எழுதியிருந்தது, எந்தப் பொருள், எவ்வளவு நீளம், அதெல்லாம் படிக்கவில்லை. இரும்பு இடியை இழுக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. அம்மாவின் பழக்கமும் என் படிப்பும் ஒரே காரியத்தைச் செய்யச் சொல்கின்றனவே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இரும்பெல்லாம் தூக்கி எறிங்க," என்றேன். "சட்டி, மம்பட்டி, கடப்பாரை, ஒண்ணும் கைல இருக்கக் கூடாது. தூரமாப் போடுங்க."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்கு அது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். படித்தவனும் அதையே சொல்லிவிட்டான். எல்லாச் சட்டிகளும் பறந்தன. இருபது அடி தள்ளி, மண் கொட்டிய மேட்டின் மேல் போய் விழுந்தன.

பெரியம்மா மட்டும் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மய பெஞ்சா தல நனையாம இருக்கட்டும்டா. இத்தப் போயி இடி தேடிக்கினு வருமா?"

நான் குழிக்குள் ஊர்ந்து போய் அவள் தலையிலிருந்து அந்தச் சட்டியைப் பிடுங்கி எறிந்தேன்.

"போ, கலெக்டரு உத்தரவு," என்றாள் அவள். அப்போதும் யாரோ சிரித்தார்கள்.

ஒரு கொழுத்த துளி என் முதுகில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எதுவும் இல்லை. காற்றும் நின்றது. மேற்கே கரையின் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. மழை வரும் சத்தம் எங்களுக்குத் தெரியும், அது இரைச்சல். இது அப்படி இல்லை. செங்கல் லாரி சரிந்து கொட்டுவது போல, ஆனால் கொட்டி முடியாமல் கொட்டிக்கொண்டே நெருங்கி வந்தது. கரையில் நின்ற பனைமரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. வெள்ளையாக ஒரு சுவர் ஏரிக்குள் இறங்கி எங்களைப் பார்த்து வந்தது.

முதலில் பட்டாணி அளவு. ஒருத்தி ஒன்றைப் பொறுக்கி, "ஐஸுடி" என்று பக்கத்தில் இருப்பவளுக்குக் காட்டினாள். அவள் அதை வாயில் போடுவதற்குள் நெல்லிக்காய் அளவில் விழ ஆரம்பித்தது. ஒன்று என் தோளில் பட்டபோது யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்றே நினைத்துத் திரும்பினேன். பிறகு எலுமிச்சம்பழம். எல்லாம் இல்லை, பத்துக்கு ஒன்று. அந்த ஒன்று எங்கே விழும் என்று தெரியாததுதான் பயம். காய்ந்த களிமண்ணில் விழுந்து குழி பறித்து எகிறியது. பக்கத்தில் ஒருத்தி கத்தினாள். யார் என்று தெரியவில்லை, மழையும் சேர்ந்துகொண்டு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் கைகளால் தலையை மூடிக்கொண்டார்கள். கைகளின் மேல் விழுந்தது.

அக்கா குழந்தையை மடிக்குள் போட்டு அதன்மேல் கவிழ்ந்திருந்தாள். ஒரு ஏழு மாதக் குழந்தையின் தலை எவ்வளவு மெல்லியது என்று நாங்கள் எல்லோரும் அதைக் குளிப்பாட்டியபோது தொட்டுப் பார்த்திருக்கிறோம். உச்சியில் துடிக்கும் இடம் இன்னும் மூடியிருக்கவில்லை. அக்காவின் முதுகில் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை. குழந்தைதான் கத்தியது, பிறகு அதன் குரலும் கேட்கவில்லை. கேட்காமல் போனது அதைவிடப் பயமாக இருந்தது.

எனக்கு வேறு ஒரு சத்தமும் கேட்டது. டங், டங், டணார் என்று இடைவிடாமல். மேட்டின் மேல் நான் எறியச் சொன்ன சட்டிகளின் மேல் கல் விழும் சத்தம். மணி அடிப்பது போலக் கேட்டது. ஒரு சட்டியும் உடையவில்லை, ஒரு கல்லும் அவற்றைத் துளைக்கவில்லை. பதினொன்றும் அங்கே சும்மா கிடந்து அடி வாங்கிக்கொண்டிருந்தன.

அம்மாவுக்கும் அது கேட்டிருக்கிறது. "நைனா, சட்டி," என்றாள் என்னைப் பார்த்து.

நான் எழுந்திருக்கவில்லை. இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். என் கைகள் தலையை விட்டு வரவில்லை. இரும்பைத் தொடக் கூடாது என்ற நினைப்பும் இருந்தது, கல்லடியின் பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

அம்மா எழுந்து போனாள். எதையும் பார்க்க முடியாத அந்த வெள்ளைக்குள், டங் டங் என்ற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனாள். இருபது அடிதான். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது ஒரு சட்டி அவள் தலையில் கவிழ்ந்திருந்தது, கையில் இரண்டு. நெற்றியிலிருந்து மழையோடு சிவப்பாக வழிந்தது. கையில் இருந்ததில் ஒன்றை அக்காவின் மேல், அவள் தலையும் குழந்தையும் மறைகிற மாதிரி கவிழ்த்தாள். மூச்சு விட இடம் வேண்டும் என்று சட்டியின் விளிம்பைத் தரையில் முட்டவிடாமல் தன் விரல்களால் தூக்கிப் பிடித்தாள். இன்னொன்றைப் பெரியம்மாவிடம் தள்ளினாள்.

அப்போதுதான் நான் எழுந்தேன். தவழ்ந்து போய் மீதிச் சட்டிகளைக் கொண்டுவந்தேன், இரண்டு தடவையாக. மின்னல் வெட்டும்போதெல்லாம் கையில் இரும்போடு கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் குழியிலும் அந்த மணிச் சத்தம். சட்டிக்குள்ளே தலையை விட்டுக்கொண்டு கேட்டால் காது கிழியும். அதற்குக் கீழே குழந்தை மறுபடி அழுவது கேட்டது. அந்த அழுகை நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஏழெட்டு நிமிஷம் இருக்கும். வந்த மாதிரியே கிழக்கே நகர்ந்து போய்விட்டது. அடுத்த ஊரில் அன்றைக்கு ஒரு சொட்டு விழவில்லை என்று பிறகு தெரிந்தது. கல்மழை அப்படித்தான் ஒரு பட்டையாகப் போகுமாம், பட்டைக்கு வெளியே நிற்பவனுக்கு வெயில்.

நாங்கள் எழுந்து பார்த்தபோது ஏரி வெள்ளையாகக் கிடந்தது. குழிக்குள் கணுக்கால் வரை பனிக்கட்டியும் தண்ணீரும். வாயைத் திறந்தால் ஆவி வந்தது. வேலமரத்தில் இலை ஒன்றுகூட இல்லை, கிளையில் தூளி மட்டும் தொங்கியது. புடவையில் ஒரு கிழிசலுக்குள் என் கையே போகும். அக்கா அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பெரியம்மாவுக்குத் தோளிலும் தலையிலும் அடி. தலை பின்பக்கம் புடைத்திருந்தது. அம்மாவுக்கு நெற்றி கிழிந்திருந்தது, சட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த வலது கையில் இரண்டு விரல்கள் வீங்கி நிறம் மாறியிருந்தன. ஒருத்தி கீழே கிடந்த பனிக்கட்டிகளையே அள்ளி முந்தானையில் முடிந்து அந்த விரல்களின் மேல் வைத்தாள். அடித்ததே மருந்தாகவும் ஆனது. முடிச்சுக்கு வெளியே பாதியாக உடைந்த ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. அதன் உள்ளே வெங்காயத்தை வெட்டினது போல வளையங்கள் தெரிந்தன. கண்ணாடி போல ஒன்று, பால் போல ஒன்று, மறுபடி கண்ணாடி. துளி மெதுவாகப் படர்ந்து உறைந்தால் கண்ணாடி, பட்டதும் உறைந்தால் உள்ளே காற்று சிக்கிப் பால் நிறம். அந்தக் கல் எங்கெங்கே அலைந்தது என்பதெல்லாம் அதில் எழுதியிருந்தது. அம்மாவின் ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும்போது நான் அதை எண்ணப் போனேன், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

உத்திரமேரூரில் கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பினோம். அன்றைக்கு இரண்டாவது படம் எடுக்கவே இல்லை. மறுநாள் வேலையை மேற்பார்வை பார்க்கும் ஓவர்சியர் ஏரிக்கு வந்தார். தன்மையான மனிதர்தான். ஒவ்வொருவரையும் விசாரித்தார். மேட்டில் அடுக்கியிருந்த சட்டிகளைப் பார்த்தார். விளிம்பெல்லாம் நெளிந்திருந்தன.

"சட்டி இவ்ளோ இருந்துச்சே, தலையில கவுத்துக்கினு இருக்கலாமே? யாரு கீழ போடச் சொன்னது?"

நான் சொல்வதற்குள் அம்மா சொன்னாள். "யாரும் சொல்லல சார். இடி இடிச்சா இரும்ப வெளிய போடறது எங்க வயக்கம். நாங்களாதான் போட்டோம்."

"இந்தக் காலத்துலயும் இப்படியாம்மா?" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் படிச்ச பையன் ஆச்சே. இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு எடுத்துச் சொல்லக் கூடாதா?"

பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "சொல்றேன் சார்," என்றேன்.

அவர் வண்டியில் ஏறிப் போன பிறகு பெரியம்மா தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இன்னொரு தபா என் தலயில கைய வெச்சே, கலெக்டரா இருந்தாலும் கைய முறிச்சிடுவேன்" என்றாள். அவ்வளவுதான். இன்று வரை அதைப் பற்றி அவள் வேறெதுவும் பேசியதில்லை.

அதற்கப்புறம்தான் நான் ஒழுங்காகப் படித்தேன். சின்ன இரும்புச் சட்டி மின்னலை இழுக்காது. மின்னல் உயரத்தைத் தேடுகிறது, தனியாக நிற்பதைத் தேடுகிறது. உலோகத்தில் பாயும், ஆனால் உலோகம் இருக்கிறது என்பதற்காக வானத்திலிருந்து இறங்கி வராது. நீளமான கடப்பாரையை நிமிர்த்திப் பிடித்திருந்தால் ஆபத்து. தலையில் கவிழ்த்த சட்டி வேறு. பெரியம்மா கேட்ட கேள்வி சரியானது.

அம்மாவின் மோதிர விரல் இப்போதும் மடங்காது. இடி இடித்தால் அவள் இப்போதும் அரிவாள்மணையை வாசலில் போடுகிறாள், இடது கையால். நான் ஒன்றும் சொல்வதில்லை. நான் சொன்னால் நிறுத்திவிடுவாள் என்பதுதான் எனக்குப் பயம். அன்றைக்கு அத்தனை பேரும் நான் சொன்ன மாத்திரத்தில் சட்டியை எறிந்தார்கள். அந்தக் காட்சிதான் எனக்குத் தூக்கத்தில் வருகிறது. கல் விழுவதுகூட அவ்வளவாக வருவதில்லை.

இந்த வருஷமும் ஏரிக்குள் அதே வேலை, அதே பதினோரு பேர். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருநாள் மதியம், மேற்கே வெள்ளையாக முடிச்சுப் போட்ட மேகம் தெரிந்தது. இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது தடவை வளர்ந்திருந்தது. படத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

"எல்லாரும் கரைக்கு நடங்க," என்றேன். "பள்ளிக்கூடத்துக்குள்ள போயிடலாம்."

"படம்?" என்றாள் ஒருத்தி.

"இன்னிக்கி இல்ல. நான் சொல்லிக்கிறேன்."

முதலில் அக்கா குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்தாள். இப்போது அது நடக்கிற குழந்தை, இடுப்பில் நிற்காமல் நெளிந்தது. பெரியம்மா தன் சட்டியைக் கையில் எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இத்த இன்னா பண்றது கலெக்டரே? எறியறதா, வெச்சிக்கிறதா?"

சத்தியமாக அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. பதினோரு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"மம்பட்டி, கடப்பாரை இங்கியே படுக்க வெச்சிடுங்க. சட்டி மட்டும் தலையில இருக்கட்டும்," என்றேன். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அதான் சரி. தெரியாததும் கீது பெரிம்மா."

"அத்த மொதல்லியே சொல்லியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். பின்னால் எல்லோரும், வெயில் அடிக்கும்போதே தலையில் சட்டி கவிழ்த்துக்கொண்டு வரிசையாக. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பாதி வழியில் மேகம் வடக்கே ஒதுங்கத் தொடங்கிவிட்டது தெரிந்தது. யாரும் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை. கரை ஏறும்போது நாலு சொட்டு விழுந்தது. முன்னால் போன அக்காவின் சட்டியில் டங் என்று ஒரு சத்தம்.

அவள் நின்றுவிட்டாள். குழந்தையை மாரோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அது வெறும் தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், இரண்டாவது சத்தம் கேட்கும் வரை, நானும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.